அலைச்சலுக்குக் கூலி யார் தருவது?

(காரைக்காலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் இன்றைய தலைப்பை 'மருத்துவ சேவைகளுக்கிடையே நோயாளி பராமரிப்பை ஒருங்கிணைப்பதன் செலவு' என்று அச்சடித்திருக்கிறார்கள். நீளமான தலைப்பு. 31 வருஷம் செவிலியராக வேலை பார்த்த எனக்கு இதைவிடச் சின்னதாக ஒரு சொல் தெரியும். உங்களுக்கும் தெரியும். அலைச்சல். "வைத்தியம் நல்லாத்தான் பார்த்தாங்க சிஸ்டர், அலைச்சல்தான் தாங்கல" என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! மாத்திரைக்குச் செலவானதைச் சொல்வார்கள், ஸ்கேனுக்குச் செலவானதைச் சொல்வார்கள். அலைச்சலுக்குச் செலவானதை மட்டும் யாரும் கணக்கு எழுதி வைப்பதில்லை. இன்று மாலை அந்தக் கணக்கை நாம் சேர்ந்து எழுதிப் பார்ப்போம்.

முதலில் நம் ஊரைப் பாருங்கள். வடக்கே பூவம் தாண்டினால் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. மேற்கே அம்பகரத்தூரைத் தாண்டினாலும் தமிழ்நாடு. கிழக்கே கடல். 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த மண் இது; 1954 நவம்பர் 1-ஆம் தேதி அவர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஆட்சி போனது, எல்லைக்கோடு நின்றுவிட்டது. நம்முடைய தலைநகரமான புதுச்சேரிக்குப் போக வேண்டுமானால் புதுச்சேரி மாநிலத்தை விட்டு வெளியே போய், தரங்கம்பாடி, சீர்காழி, கொள்ளிடம், சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டை நீளவாக்கில் கடந்து, மறுபடி புதுச்சேரிக்குள் நுழைய வேண்டும். 130 கிலோமீட்டருக்கு மேல். நல்ல உடம்போடு பேருந்தில் போனாலே இடுப்பு கழன்றுவிடும். தையல் போட்ட வயிற்றோடு போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

இப்போது இந்த ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று வையுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமும் காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனையும் புதுச்சேரி அரசுடையவை. அங்கிருந்து கோரிமேட்டு ஜிப்மருக்கு அனுப்பினால் அது மத்திய அரசுடையது. அவ்வளவு தூரம் தாங்காது என்று திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கோ, 2022 ஜனவரியில் திறந்த நாகப்பட்டினம் ஒரத்தூர் மருத்துவக் கல்லூரிக்கோ, தஞ்சாவூருக்கோ கொண்டுபோனால் அது தமிழ்நாடு அரசுடையது. நடுவில் ஒரு தனியார் மருத்துவமனை, ஒரு ஸ்கேன் சென்டர், மூலையில் இருக்கும் மருந்துக் கடை. ஒரு மனிதர், மூன்று அரசுகள், ஐந்தாறு வாசற்படிகள். ஒவ்வொரு படியிலும் புது ஓ.பி. சீட்டு. ஒவ்வொரு படியிலும் அதே கேள்வி: "என்ன செய்யுது? எத்தனை நாளா? இதுக்கு முன்னாடி என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

இந்தப் படிகளை ஒன்றோடொன்று இணைப்பது எது? நம்முடைய ஊரில் அது ஒரு பை. ஜவுளிக்கடை கொடுத்த மஞ்சள் பை, அல்லது ஜிப் போன பழைய ஹேண்ட்பேக். அதற்குள் எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், ஒரு தண்ணீர் பாட்டில். அந்தப் பையைச் சுமப்பது யார்? என் வேலைக்காலம் முழுவதும் நான் பார்த்தவரை பெரும்பாலும் மகள். இல்லையென்றால் மனைவி. இல்லையென்றால் மருமகள். மருத்துவமனைகளுக்கு நடுவில் செய்தி கொண்டுபோகிற தபால்காரர் அவர். சீட்டு தொலையாமல் பார்த்துக்கொள்கிற ஆவணக் காப்பாளர் அவர். மருத்துவர் சொன்னதை அடுத்த மருத்துவருக்குச் சொல்கிற மொழிபெயர்ப்பாளர் அவர். மூன்று வேலையும் பார்க்கிறார். சம்பளம் உண்டா? கிடையாது. அதற்குமேல், அன்றைக்கு வேலைக்குப் போகாததால் உள்ள கூலியும் போய்விடுகிறது.

அதை ரூபாயில் சொல்கிறேன். 2024-25-இல் நூறு நாள் வேலைத் திட்டக் கூலி தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நாள் ஒன்றுக்கு 319 ரூபாய். நோயாளியும் துணைக்கு ஒருவரும் புதுச்சேரிக்கு ஒருமுறை போய்வந்தால் ஒரு நாள் முழுக்கப் போச்சு. இரண்டு பேர் கூலி 638. 'அடுத்த வாரம் ரிசல்ட்டோட வாங்க', 'அந்த டிபார்ட்மென்ட்ல ஒப்பீனியன் வாங்கிட்டு வாங்க', 'டாக்டர் இன்னிக்கு லீவு' என்று ஐந்து முறை போய்வந்தால் 3,190 ரூபாய். பஸ் கட்டணம் தனி, சாப்பாடு தனி, இரவு தங்க வேண்டி வந்தால் அது தனி. இத்தனைக்கும் சிகிச்சை இலவசம்!

தேசிய சுகாதாரக் கணக்கு என்று மத்திய அரசு வெளியிடுகிறது. மருத்துவத்துக்காக மக்கள் சொந்தக் கையிலிருந்து செலவழிக்கும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்று அது சொல்கிறது. நல்ல செய்தி, வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் மகளின் 319 ரூபாய் இல்லை. வரிசையில் நின்ற நேரம் இல்லை. ஏன் இல்லை? அலைச்சலுக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாத செலவு கணக்குப் புத்தகத்தில் ஏறாது.

தாய்மார்களே, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காரியத்தை எடுத்துக்கொள்கிறேன். தலைப்பிரசவம். மயிலாடுதுறைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட நம் ஊர்ப் பெண், வளைகாப்பு முடிந்ததும் கண்ணாடி வளையல் குலுங்க அம்மா வீட்டுக்கு வருகிறாள். நமக்கு அது சந்தோஷம். சுகாதாரத் துறைக்கு அது என்ன தெரியுமா? ஒரு கர்ப்பிணி, மாதம் ஏறிய நிலையில், ஓர் அரசின் பதிவேட்டிலிருந்து இன்னோர் அரசின் பதிவேட்டுக்கு இடம் மாறுகிறாள். அங்கே கிராம சுகாதாரச் செவிலியர் அவளைப் பதிந்திருப்பார், பிக்மி என்ற பதிவு எண் கொடுத்திருப்பார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி அங்கேதான் எழுதியிருக்கும்; அது பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள திட்டம், பதிவாகப் பதிவாகத் தவணை தவணையாக வருவது. பிரசவம் இங்கே. பிறப்புச் சான்றிதழ் இங்கே. முதல் தடுப்பூசி இங்கே, அடுத்தது அங்கே.

ஒருநாள் சாயங்காலம் அப்படி ஒரு பெண் வலியோடு வந்தாள். உடன் வந்த அம்மா பையைக் கவிழ்த்துத் தேடுகிறார், தாய் சேய் நல அட்டை இல்லை. "மாமியார் வீட்டு பீரோவுல இருக்கு சிஸ்டர்." ரத்த வகை என்ன என்று கேட்டால், "ஏதோ நெகட்டிவ்னு சொன்னாங்க" என்கிறாள் அந்தப் பெண். நெகட்டிவ் என்றால் எங்களுக்கு உடனே காது நிமிரும். தாய்க்கு நெகட்டிவ், குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும். தவறினால் இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த குழந்தைக்கு ஆபத்து. கர்ப்ப காலத்தில் ஒரு ஊசி போட்டார்களா, இல்லையா? யாருக்கும் தெரியவில்லை. அம்மா சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டார். அங்கே கொழுந்தன் பீரோவைத் திறந்து, அட்டையை எடுத்து, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். மஞ்சள் கறை படிந்த மூன்றாம் பக்கத்தில், நீல மையில், பி நெகட்டிவ். அதற்குக் கீழே ஊசி போட்ட தேதி. நாங்களும் ரத்தம் எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். பிழைத்தோம்.

அந்தச் சாயங்காலம் இரண்டு அரசுகளை இணைத்தது எது? ஒரு பதினெட்டு வயதுப் பையனின் செல்போன். அவன் வீட்டில் இல்லாமல் கிரிக்கெட் விளையாடப் போயிருந்தால்?

நாம் கடைமடைக்காரர்கள். எனவே தண்ணீரை வைத்துச் சொன்னால் இது சட்டென்று விளங்கும். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு, அதாவது நம் காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. அந்தத் தண்ணீர் தமிழ்நாட்டு ஆறுகளின் வழியாகத்தான் நமக்கு வர வேண்டும். நண்டலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, அரசலாறு, திருமலைராஜன் ஆறு என்று அவை எல்லை தாண்டி வருகிற இடங்களில் அளந்து குறிக்கிறார்கள். மதகைத் திறக்க லஸ்கர் இருக்கிறார், அவருக்குச் சம்பளம் இருக்கிறது. ஷட்டர் தானாக ஏறி இறங்காது என்பது நமக்குத் தெரியும். வாய்க்கால் வெட்டினால் போதாது, வாய்க்காலுக்கு ஆள் வேண்டும் என்பது சோழர் காலத்திலிருந்து இந்த மண்ணுக்குத் தெரியும்.

எல்லை தாண்டும் தண்ணீருக்கு அளவு இருக்கிறது, ஆள் இருக்கிறது. எல்லை தாண்டும் நோயாளிக்கு?

நம் நாட்டு சுகாதார அமைப்புக்கு வரைபடம் போட்டது, போர் என்பவர் தலைமையிலான குழு. 1946-இல் அறிக்கை கொடுத்தது. நம்முடைய ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். கீழே சிறிய நிலையம், அதற்கு மேல் 650 படுக்கை மருத்துவமனை, அதற்கும் மேல் மாவட்டத்துக்கு 2,500 படுக்கை மருத்துவமனை என்று ஆறு, கிளையாறு, வாய்க்கால் போல அவர்கள் வரைந்தார்கள். கட்டடங்களில் கொஞ்சம் கட்டினோம். வாய்க்காலுக்கு லஸ்கர் போட மறந்துவிட்டோம்.

இந்த மறதியின் விலை என் வீட்டுக்குள்ளேயே வந்தது. அதைச் சொல்லாமல் நான் இந்த மேடையிலிருந்து இறங்க முடியாது.

என் அம்மாவுக்கு ரத்த அழுத்தம். திருமலைராயன்பட்டினத்தில் எங்களோடு இருந்தபோது ஒரு மருத்துவர் ஒரு மாத்திரை எழுதினார், தினமும் காலையில் ஒன்று. அம்மா மூன்று மாதம் என் தம்பி வீட்டுக்குப் போய் இருந்தார். அங்கே தலைச்சுற்றல் என்று காட்டியபோது, அழுத்தம் இருக்கிறது என்று இன்னொரு மருத்துவர் ஒரு மாத்திரை எழுதினார், இரவில் ஒன்று. இங்கே வாங்கியது வெள்ளை அட்டை. அங்கே வாங்கியது சிவப்பு அட்டை. கம்பெனிப் பெயர் வேறு வேறு. அம்மா இரண்டையும் விடாமல் சாப்பிட்டார். 'டாக்டர் கொடுத்ததை நிறுத்தக் கூடாது' என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

இரண்டு அட்டையிலும் இருந்தது ஒரே மருந்து. அம்லோடிபின்.

கொஞ்ச நாளில் கணுக்கால் வீங்கியது. அந்த மருந்து அளவு கூடினால் கால் வீங்கும். மூன்றாவதாக ஒரு மருத்துவரிடம் போனார். வீக்கத்துக்கு அவர் நீர் மாத்திரை எழுதினார். இப்போது அழுத்தத்துக்கு இரண்டு பங்கு, அதன்மேல் நீர் பிரிய ஒன்று. ஒரு விடியற்காலையில் கொல்லைக் கதவைத் திறக்க எழுந்த அம்மா, நிலைப்படியில் தலை சுற்றி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான், தலையணைக்கு அடியில் இருந்த பையைக் கொட்டி, மாத்திரை அட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அட்டையின் மேல் இருக்கும் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே இருக்கும் பொடி எழுத்தைப் படித்தேன். வெள்ளை அட்டை, அம்லோடிபின் 5. சிவப்பு அட்டை, அம்லோடிபின் 5.

மூன்று மருத்துவர்களில் யார் தப்பு செய்தார்? தங்கள் முன் இருந்ததற்கு மூன்று பேரும் சரியாகத்தான் பார்த்தார்கள். முதலாமவர் என்ன கொடுத்தார் என்று இரண்டாமவருக்குத் தெரியாது. இருவரும் கொடுத்தது மூன்றாமவருக்குத் தெரியாது. அந்த மாத்திரை அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷம் யாருடைய வேலை என்று எங்கும் எழுதவில்லை. எழுதாத வேலைக்கு ஆள் இல்லை. ஆள் இல்லாத பத்து நிமிஷத்துக்கு என் அம்மாவின் இடுப்பு எலும்பு விலையானது.

ஒரு சின்ன எண்கணிதம் சொல்கிறேன், பிள்ளைகள் கவனியுங்கள். இரண்டு மருத்துவர் பார்த்தால் அவர்களுக்குள் பேச வேண்டிய தொடர்பு ஒன்று. மூன்று பேர் பார்த்தால் மூன்று. நான்கு பேர் என்றால் ஆறு. ஐந்து பேர் என்றால் பத்து! ஆள் கூடுவதைவிட வேகமாகத் தொடர்பு கூடுகிறது. சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் என்று மருத்துவம் வளர வளர, நடுவில் நடக்க வேண்டிய நடையும் வளர்கிறது. நிபுணர்களைச் சேர்த்துக்கொண்டே போனோம். நடக்கிறவரைச் சேர்க்கவில்லை.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். இரவுப் பணி. அதிகாலை மூன்று மணி இருக்கும். நெஞ்சுவலியோடு ஒரு பெரியவர். மருத்துவர் பார்த்தார், இ.சி.ஜி. எடுத்தோம், கொடுக்க வேண்டிய மாத்திரைகளைக் கொடுத்தோம், பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப முடிவானது. வார்டில் இன்னும் இரண்டு பேர் மோசமாக இருந்தார்கள். அவசரத்தில் நான் நிரப்பிய அனுப்புச் சீட்டில், 'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது' என்று மட்டும் இருந்தது. என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று இல்லை. போன இடத்தில் மகனைக் கேட்டிருக்கிறார்கள், "என்ன கொடுத்தாங்க?" அவர் பாவம், "ஏதோ நாலு மாத்திரை சிஸ்டர் கையில கொடுத்தாங்க" என்றிருக்கிறார். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் திரும்பக் கொடுப்பதா, வேண்டாமா என்று அங்கே தயங்கி, எங்களுக்கு போன் போட்டு, லைன் கிடைக்காமல், நேரம் போயிருக்கிறது. பெரியவர் பிழைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து மகன் வந்து சொன்னபோதுதான் எனக்கே தெரியும். கோபமாகக்கூட சொல்லவில்லை. "பேப்பர்ல எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும் சிஸ்டர்" என்றார், அவ்வளவுதான்.

ஒரு நல்ல அனுப்புச் சீட்டு எழுதப் பதினைந்து நிமிஷம் ஆகும். எதிர்முனையில் பேச இன்னொரு பத்து நிமிஷம். போய்ச் சேர்ந்தாரா, படுக்கை கிடைத்ததா என்று மறுநாள் கேட்க ஐந்து நிமிஷம். அரை மணி. ஒரு நாளில் எட்டு மணி நேரம் வேறு எதுவும் செய்யாமல் இதை மட்டும் செய்தால் பதினாறு நோயாளிகளைப் பார்க்கலாம். மூச்சுவிடும் நேரத்தைக் கழித்தால் பன்னிரண்டு. ஆக, ஒருங்கிணைப்பு என்பது ஓர் ஆளின் முழு நாள் வேலை. அதை இரவுப் பணிச் செவிலியரின் மூன்றாவது கையிலும், நோயாளி மகளின் மடியிலும் நாம் போட்டு வைத்திருக்கிறோம்.

"அரசு ஒன்றுமே செய்யவில்லையா?" என்று கேட்பீர்கள். செய்திருக்கிறது. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலம், எந்த நாடு என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சை. தொடங்கும்போதே ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. தரங்கம்பாடிச் சாலையில் அடிபட்ட நம் காரைக்கால் பையனிடம் எந்த ஊர் ரேஷன் அட்டை என்று முதலில் கேட்க மாட்டார்கள். எவ்வளவு பெரிய மனசு! என் கவலை 49-ஆவது மணி நேரத்தைப் பற்றியது. அப்போது அட்டை பற்றிய கேள்வி வரும், இடம் மாற்றும் பேச்சு வரும், பை மறுபடி அக்காவின் தோளுக்கு வரும்.

காப்பீட்டுத் திட்டங்களும் இருக்கின்றன. 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, எந்த மாநிலத்திலும் செல்லும். ஆயிரத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகளுக்கு அதில் விலை குறித்திருக்கிறது. இதயத்துக்கு விலை உண்டு, மூட்டுக்கு விலை உண்டு. ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரோடு பத்து நிமிஷம் பேசுவதற்கு அந்தப் பட்டியலில் விலை இல்லை.

பிறகு, எண். 2020 ஆகஸ்ட் 15-ஆம் தேதி டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது முதலில் முயன்று பார்த்தது ஆறு யூனியன் பிரதேசங்களில். புதுச்சேரி அதில் ஒன்று. நாடு முழுவதற்கும் முன்னால் நமக்கு வந்தது. 14 இலக்க எண், அதன் பின்னால் நம் மருத்துவக் குறிப்புகள். நல்லது, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எண் தானாக எழுதாது, தானாகப் படிக்காது. இங்கே ஒருவர் தட்டச்சு செய்தால்தான் அங்கே ஒருவர் திறந்து பார்க்க முடியும். என் அம்மாவின் இரண்டு அட்டைகளும் கணினியில் ஏறியிருந்தால்கூட, இரண்டையும் பார்த்து 'இது ரெண்டும் ஒண்ணும்மா, ஒன்றை நிறுத்துங்க' என்று சொல்ல ஒரு வாய் வேண்டும்.

இங்கே நான் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருங்கிணைப்புக்கு ஆள் போடச் சொல்கிறவர்கள், 'இதனால் மொத்தச் செலவு குறையும், போட்ட பணம் திரும்பி வந்துவிடும்' என்று அதிகாரிகளுக்கு ஆசை காட்டுவார்கள். நான் காட்ட மாட்டேன். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் 15 ஒருங்கிணைப்புத் திட்டங்களை நடத்திப் பார்த்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒருங்கிணைப்புச் செவிலியரைக் கொடுத்து, மறு பாதியை வழக்கம்போல விட்டார்கள். 2009-இல் முடிவு வந்தது. செவிலியர் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 15-இல் ஒன்றுகூட நிகரமாகப் பணத்தை மிச்சம் பிடிக்கவில்லை. கேம்டன் என்ற ஏழை நகரத்தில் அடிக்கடி மருத்துவமனைக்கு வருகிற 800 பேரை வைத்து இன்னொரு ஆய்வு. 2020-இல் முடிவு. ஆறு மாதத்தில் திரும்பச் சேர்ந்தவர்கள், கவனிப்புப் பெற்றவர்களில் 62.3 சதவீதம், பெறாதவர்களில் 61.7 சதவீதம். வித்தியாசமே இல்லை.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படியானால் நான் நம்பியதெல்லாம் வீணா? மறுபடி படித்தேன். அந்தப் 15 திட்டங்களில் மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைக்க முடிந்த ஒன்றிரண்டில் என்ன இருந்தது? அங்கே செவிலியர் போனில் மட்டும் பேசவில்லை, நேரில் போனார். முகம் பார்த்துப் பேசினார். மருத்துவரோடு தொடர்ந்து பழகினார். மாத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

இதை நமக்கு அமெரிக்கா சொல்லித்தர வேண்டியதில்லை. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய்க்கான ஆய்வு மையம் தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் அதை நடத்தினார். அதுவரை காசநோய் என்றால் சானடோரியம், மாதக்கணக்கில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. இங்கே குடிசைப் பகுதி நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும், ஒரு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். நெருக்கடியான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு. இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-இல் அந்த முடிவு வெளியானது, உலகமே காசநோய் வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. நம் சென்னை ஏழைகள் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது!

படுக்கை மிச்சமானது. ஆனால் என்ன செலவானது? நடை செலவானது. சுகாதாரப் பார்வையாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். மீதி மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். அந்த நடைக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இன்றைக்கும் நம் ஊரில் எல்லை தாண்டினாலும் ஓரளவு அறுந்துபோகாமல் நடக்கிற வைத்தியம் எது என்று என்னைக் கேட்டால் காசநோய் என்பேன். நிக்ஷய் எண் இருக்கிறது, நோயாளி ஊர் மாறினால் இங்கிருந்து அங்கே மாற்றிவிடலாம். அந்த எண்ணுக்குப் பின்னால் சிகிச்சை மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு இருசக்கர வண்டி இருக்கிறது. மாத்திரை வாங்க வரவில்லையென்றால் வாசலில் வந்து நிற்பார். சர்க்கரை நோயாளிக்கு, பக்கவாதம் வந்தவருக்கு, இதய நோயாளிக்கு அப்படி வாசலில் வந்து நிற்க யார் இருக்கிறார்?

ஆகவே நான் கேட்பது இதுதான். காரைக்காலின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி 2,00,222. ஒரு பெரிய நகரத்தின் சில வார்டுகள்தான். சென்னையால் முடியாதது நம்மால் முடியும். இங்கிருந்து புதுச்சேரிக்கோ, திருவாரூருக்கோ, தஞ்சாவூருக்கோ அனுப்பப்படுகிற ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பெயர் தெரிந்த செவிலியர் வேண்டும். சீட்டை அவர் எழுத வேண்டும், அங்கே பேச வேண்டும், திரும்பி வந்த வாரத்துக்குள் வீட்டுக்குப் போய் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும். அவருக்கு வேறு பணி கொடுக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்று வார்டுக்கு இழுக்கக் கூடாது. 2016 முதல் ஜிப்மரின் கிளைக் கல்லூரி நம் ஊரிலேயே நடக்கிறது, அந்த மாணவர்கள் இந்தச் செவிலியரோடு தெருத்தெருவாகப் போகட்டும். புதுச்சேரி அரசும் தமிழ்நாடு அரசும் 7 டி.எம்.சி.க்காக உட்கார்ந்து பேசுவதுபோல, எல்லை தாண்டும் கர்ப்பிணியின் அட்டைக்காகவும் உட்கார்ந்து பேசட்டும். 2020 ஊரடங்கில் எல்லையில் தடுப்பு போட்டபோது, சொந்தத் தலைநகருக்கு வைத்தியத்துக்குப் போக இ-பாஸ் கேட்டு நின்றோமே, அந்த நாட்களை மறந்துவிடாதீர்கள்.

"இதற்குப் பணம்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். புதிதாக ஒரு செலவை நாம் உண்டாக்கவில்லை என்று பதில் சொல்லுங்கள். இந்தச் செலவு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, ஒவ்வொரு நாள் கூலியாக, ஒரு மகளின் கணக்கில். அதை அரசின் கணக்குக்கு மாற்றச் சொல்கிறோம். அவ்வளவுதான் நம் கோரிக்கை. மிச்சம் பிடிக்குமா என்று கேட்டால், தெரியாது, பிடிக்காமலும் போகலாம் என்றே சொல்லுங்கள். லஸ்கர் சம்பளத்தில் மிச்சம் எவ்வளவு என்று எந்த விவசாயியாவது கேட்டிருக்கிறாரா? கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்றுதான் கேட்பார்.

நேரம் ஆகிவிட்டது. அழைப்பிதழின் அடியில், 'வரும்போது வீட்டிலுள்ள மருந்துகளை எடுத்து வாருங்கள்' என்று ஒரு வரி போடச் சொல்லியிருந்தேன். நிறையப் பேர் மடியில் பையோடு உட்கார்ந்திருப்பதை இங்கிருந்தே பார்க்கிறேன். மண்டபத்தின் பின்பக்கம் மின்விசிறிக்குக் கீழே மூன்று மேசை போட்டிருக்கிறோம். என்னோடு ஓய்வுபெற்ற செவிலியர் இருவரும் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் நான்கு பேரும் உட்காருவோம். பையைக் கொட்டுங்கள். அட்டையின் பொடி எழுத்தைப் படித்து, என்ன மருந்து, எதற்கு, எத்தனை வேளை என்று ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறோம். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போடுவோம். நீங்களாக எதையும் நிறுத்தாமல் அந்தத் தாளை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் தெரியாத பெரியவர்களை முன்னால் அனுப்புங்கள். கடைசி ஆள் போகும்வரை நாங்கள் இருப்போம்.